ஒற்றை உயிரோடு ஓர் உலகம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மைன்கிராஃப்ட் விளையாட்டைப் பற்றிப் போகிற போக்கில் நான் எழுதிய இரண்டு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வருமென்று எதிர்பார்க்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஹார்ட்கோர் எனப்படும் அதன் மிகக் கடினமான முறையைப் பற்றியவை என்பதால், வழமையான கணினித் திருத்தக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இம்முறை பக்கத்தை இதற்கே கொடுத்திருக்கிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். மைன்கிராஃப்ட் உலகம் முழுவதும் புளொக் எனப்படும் சதுரக் கட்டிகளால் ஆனது. மரம் வெட்டலாம், மண் தோண்டலாம், வீடு கட்டலாம், பயிர் செய்யலாம், இருட்டினால் வெளிக்கிடுகிற அரக்கர்களோடு மல்லுக்கட்டலாம். சாதாரண முறையில் இறந்தால் மீண்டும் பிறக்கலாம். ஹார்ட்கோரில் ஒரேயொரு உயிர்தான். 2011 நவம்பரில் விளையாட்டின் முதலாவது முழுப் பதிப்பு வெளியானபோதே இந்த முறையும் அதில் இருந்தது.

கேள்வி: ஹார்ட்கோரில் எத்தனை தடவை தொடங்கினாலும் பத்து நாளைத் தாண்ட முடியவில்லை. முதலில் எந்த ஆயுதத்தைச் செய்தால் தப்பலாம்?
– உயர்தர மாணவர் ஒருவர், விசுவமடு

பதில்: தம்பி, ஆயுதத்தில் தொடங்கியதுதான் உங்களுடைய பிழை என்று நினைக்கிறேன். ஹார்ட்கோரில் வருகிற அரக்கர்கள் சாதாரண உலகத்தின் ‘கடினம்’ என்ற நிலையில் வருகிற அதே அரக்கர்கள்தாம். அவர்களுக்கு மேலதிக பலம் எதுவும் கொடுக்கப்படவில்லை. கடினம் என்ற நிலையை மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டு, மறுபிறப்பையும் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே எவ்வளவு பேரைக் கொன்றீர்கள் என்ற கணக்கு இங்கே ஒன்றுக்கும் உதவாது. காலபோகத்தில் எங்கள் வயல்களில் இரவுக் காவலுக்குப் போகிறவர்களைப் பாருங்கள்: யானையோடு மல்லுக்கு நிற்பதற்காக எவரும் பரணில் ஏறுவதில்லை; நெருப்பை மூட்டி, சத்தம் போட்டு, அது கிட்ட வராமல் பார்த்துக்கொள்வதுதான் காவல்.

விளையாட்டில் ஒரு முழு நாள் என்பது நிஜத்தில் 20 நிமிடம். முதல் நாளின் வெளிச்சம் சுமார் 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் மரம், கற்கருவி, மூன்று செம்மறி ஆடுகள் ஆகிய மூன்றையும் தேடிவிட வேண்டும். ஆடுகள் எதற்கென்றால், மூன்று கம்பளிக் கட்டிகளும் மூன்று பலகைகளும் சேர்ந்தால் ஒரு கட்டில். ஹார்ட்கோரில் மறுபிறப்பு இல்லாதபடியால் கட்டில் வீண் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, பொழுது பட்டவுடன் படுத்துவிட்டால் இரவு முழுவதும் கழிந்து நேரே விடியலில் எழும்புகிறீர்கள், அந்த இரவில் நடமாடியிருக்கக்கூடிய ஒருவரையும் நீங்கள் சந்திக்கத் தேவையில்லை. அது மட்டுமன்றி, விளையாட்டுக் கணக்கில் மூன்று நாட்கள் தொடர்ந்து நித்திரை கொள்ளாதவரை வானத்திலிருந்து பாய்ந்து தாக்குகிற ஃபான்டம் என்ற பறக்கும் அரக்கர்களும் உண்டு.

ஆடு கிடைக்காவிட்டால் வெட்கப்படாமல் மலைச்சரிவிலே ஒரு பொந்து தோண்டி, வாயை மண்ணால் அடைத்துவிட்டு விடியும்வரை உள்ளே இருங்கள். மரக்கதவு போட்ட அழகான குடிலைவிட அந்தப் பொந்து பாதுகாப்பானது, ஏனென்றால் கடினம் என்ற நிலையில் ஸொம்பிகள் என்ற நடைப்பிணங்கள் மரக்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடியவை.

முதலாவது இரும்புத் துண்டு கையில் கிடைத்ததும் வாள் செய்ய வேண்டாம். ஆறு பலகையும் ஒரு இரும்பும் இருந்தால் கேடயம் செய்யலாம். கணினிப் பதிப்பில் அதை இடக்கையில் முன்னே பிடித்தால், ஸ்கெலிட்டன் என்ற எலும்புக்கூட்டின் அம்பையும், முகத்துக்கு நேரே வெடிக்கிற கிரீப்பர் என்ற அரக்கனின் வெடியையும் அது தாங்கும். தூக்கிய கணத்திலேயே அது வேலை செய்யாது, கால் வினாடி பிந்தும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, சற்று முன்னதாகவே தூக்கிப் பழகுங்கள். அடுத்தது வெளிச்சம். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்குப் பின்னர், நாம் விளையாட்டைத் தொடங்குகிற மேல் உலகத்தில் அரக்கர்கள் ஒளி அறவே இல்லாத இடத்தில் மட்டுமே தோன்றுகிறார்கள். ஒரு தீப்பந்தத்தின் ஒளி நேர்கோட்டில் 13 புளொக் தூரம் எட்டுகிறது. முன்பிருந்ததோடு பார்த்தால் இது பெரிய சலுகை. குகைக்குள் இறங்கும்போது தீப்பந்தங்களை எப்பொழுதும் வலக்கைப் பக்கத்துச் சுவரிலேயே குத்திக்கொண்டு போங்கள். திரும்பும்போது அவை இடக்கைப் பக்கம் வந்தால் வழி சரி. குகைக்குள் வழி தவறியவர்தான் பசியில் அவசரப்படுகிறார், அவசரப்பட்டவர்தான் விழுகிறார்.

கேள்வி: இவ்வளவு சொல்கிற நீங்கள் ஹார்ட்கோரில் இறந்ததுண்டா? உண்மையைச் சொல்ல வேண்டும்.
– மாணவி ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: பலமுறை. ஆனால் மனதில் நிற்பது 143 ஆவது நாளில் நடந்தது. அன்று நான் மிக ஆழத்தில், வைரம் கூடுதலாகக் கிடைக்கிற மட்டத்தில் இருந்தேன். உயரக் கணக்கில் அது பூச்சியத்துக்குக் கீழே 59. அந்த ஆழத்துக் குகைகளின் தரையில் லாவா எனப்படும் நெருப்புக் குழம்பு தேங்கி நிற்கும் என்பதால் மிகவும் நிதானமாகவே வேலை செய்தேன். 11 வைரங்கள் சேர்ந்தன. உடம்பில் முழு இரும்புக் கவசம், உயிரின் அளவைக் காட்டுகிற பத்து இதயமும் நிறைவு. வீட்டுக்குத் திரும்பலாம் என்று ஏறத் தொடங்கியபோது பசிக் கோட்டில் நான்கு குறைந்திருப்பதைக் கண்டேன். பாண் என்னிடம் இருந்தது. ஆனால் திரையின் அடியிலே கைக்கு எட்டுகிற ஒன்பது கட்டங்களில் அல்லாமல், பொருட்பைக்குள்ளே, கற்களுக்கும் நிலக்கரிக்கும் இடையில் கிடந்தது. நின்ற இடத்திலேயே பையைத் திறந்தேன்.

பையைத் திறந்தால் விளையாட்டு நிற்பதில்லை. இது எனக்குத் தெரியாத விடயமுமல்ல. எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்ததுதான். பாணை இழுத்துக் கட்டத்தில் போட்டுவிட்டு, அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று கற்களையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். முதுகுப் பக்கத்தில் ‘ஸ்ஸ்’ என்றது. கிரீப்பர் சீறத் தொடங்கியதிலிருந்து வெடிக்கும்வரை உள்ள நேரம் ஒன்றரை வினாடி. பையை மூடிவிட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிப்பதற்கே அது சரியாகப் போய்விட்டது. கடினம் என்ற நிலையில் ஒட்டி நின்று வெடிக்கிற கிரீப்பருக்கு முழு இரும்புக் கவசம் ஒரு பொருட்டல்ல. மந்திரம் ஏற்றாத வைரக் கவசம்கூடக் காப்பாற்றாது.

அதன் பிறகு ஒரு சட்டத்தை எனக்கு விதித்துக்கொண்டேன். நிலத்துக்கு அடியில் பையைத் திறக்க வேண்டுமானால் முதலில் தலைமுதல் கால்வரை என்னைச் சுற்றிக் கல் வைத்து அடைத்துக்கொள்வேன். ஆறேழு கல் போதும், மூன்று வினாடி வேலை. உணவு எப்பொழுதும் ஒன்பதாவது கட்டத்தில், தண்ணீர் வாளி எட்டாவது கட்டத்தில். இடம் மாறாது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன்: போகும்போது இறப்பவர்கள் குறைவு, கை நிறையப் பொருளோடு திரும்பும்போது இறப்பவர்கள் அதிகம். பை நிறைந்ததும் கால் தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. அங்கேதான் பள்ளங்கள் இருக்கின்றன. மூன்று புளொக் வரை விழுந்தால் ஒன்றுமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு புளொக்குக்கும் அரை இதயம் போகும். காலில் சாதாரணப் பாதணியோடு 23 புளொக் உயரத்திலிருந்து விழுந்தால் பத்து இதயமும் நிறைந்தவர்கூட மிஞ்சமாட்டார். விளிம்புகளில் குனிந்து நடக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டால் தவறி விழவே முடியாது. அந்த ஒரு பொத்தான் எந்த வாளையும்விடப் பெறுமதியானது.

கேள்வி: நான் நெல்லும் உழுந்தும் செய்கிறவன். என் தம்பி இந்த விளையாட்டில் எந்நேரமும் பசியோடு திரிந்து அழுகிப்போன இறைச்சியைத் தின்கிறான். அதில் தோட்டம் செய்ய முடியும் என்கிறார்களே, எப்படி?
– விவசாயி ஒருவர், அக்கராயன்

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துச் சிரித்தேன். தம்பிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஆள் நீங்கள்தான். விளையாட்டில் தண்ணீர்க் கட்டி ஒன்று நான்கு பக்கமும் நான்கு புளொக் தூரம்வரை மண்ணை ஈரமாக வைத்திருக்கும். ஆகவே ஒன்பதுக்கு ஒன்பது சதுரமாக நிலத்தைக் கொத்தி, நடுவில் ஒரேயொரு குழி வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் 80 கட்டங்களுக்குப் பாயும். அந்தத் தண்ணீர் வற்றாது, வாய்க்கால் கூட்டம் கூட்டத் தேவையில்லை, முறைத்தண்ணீருக்கு இரவில் மண்வெட்டியோடு காத்திருக்கவும் தேவையில்லை. இரணைமடுக் குளத்தை நம்பி இருப்பவர்களுக்கு இதைச் சொல்லப் பொறாமையாகத்தான் இருக்கும்.

கோதுமை விதை புல்லை வெட்டினால் கிடைக்கும். மூன்று கோதுமைக்கு ஒரு பாண். ஒரே பயிரை நிலம் முழுவதும் நடுவதைவிட, ஒரு வரிசை கோதுமை, ஒரு வரிசை கரட் அல்லது உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றி நட்டால் பயிர் விரைவாக வளரும். இது என்னுடைய கற்பனையல்ல, விளையாட்டின் கணக்கே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பாத்திக்குள் துள்ளிக் குதித்தால் கொத்திய மண் மீண்டும் வெறும் மண்ணாகிவிடும் என்பதால் சுற்றிவர வேலி அடைக்கச் சொல்லுங்கள். இரவிலும் வளர வேண்டுமானால் வரப்பிலே தீப்பந்தம் வேண்டும். அது பயிருக்கும் வெளிச்சம், அரக்கருக்கும் தடை.

ஹார்ட்கோரில் இந்தத் தோட்டம் பொழுதுபோக்கல்ல. இலகு நிலையில் பட்டினி கிடந்தால் ஐந்து இதயத்தோடு நிற்கும். இடைநிலையில் அரை இதயத்தோடு நிற்கும். கடினம் என்ற நிலையில் பட்டினியே ஆளைக் கொன்றுவிடும். அதைவிட முக்கியம், பசிக் கோட்டில் உள்ள பத்தில் ஒன்பதாவது நிறைந்திருந்தால்தான் காயம் தானாக ஆறும். தம்பி தின்கிற அந்த அழுகல் இறைச்சி பெரும்பாலும் பசியைத் திரும்பக் கூட்டுகிற ஒரு நஞ்சையும் சேர்த்தே கொடுக்கிறது. ஆகவே முதல் பத்து நாட்களை அவர் தோட்டத்துக்கும் இரண்டு மாடுகளுக்கும் செலவிடட்டும். பசுவும் காளையும் என்று தேட வேண்டாம், இரண்டு மாட்டுக்கும் கோதுமை கொடுத்தால் கன்று வரும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் நான்கு மாதமாகக் கட்டிய உலகம் ஒரே இரவில் போய்விட்டதென்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இப்படி ஒரு விளையாட்டு தேவைதானா?
– தாய் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, தேவையா இல்லையா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், நான் சொல்லக்கூடியது வேறொன்று. அந்த உலகம் அழிந்துவிடவில்லை. ஹார்ட்கோரில் இறந்த பிறகு, பார்வையாளராக அதே உலகத்துக்குள் போகலாம் என்று ஒரு பொத்தான் வரும். எதையும் தொட முடியாது, ஆனால் பறந்து திரிந்து, கட்டிய வீட்டையும் நட்ட தோட்டத்தையும் முழுக்கப் பார்க்கலாம். கோபத்தில் பிள்ளைகள் செய்கிற வேலை அந்த உலகத்தை அழித்துவிடுவது. பிறகு அதற்காகவும் அழுவார்கள். இன்னும் அழிக்கவில்லை என்றால் அழிக்க விடாதீர்கள். ஒரு நாள் பக்கத்தில் இருந்து, எங்கே என்ன கட்டினாய் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு மாத வேலையை ஒருவரும் பார்க்கவில்லை என்பதும் அந்தக் கவலைக்குள் இருக்கலாம்.

அடுத்ததாக, உடனே இன்னொரு ஹார்ட்கோர் உலகம் தொடங்க வேண்டாம். சாதாரண உலகத்தை ‘கடினம்’ நிலையில் வைத்து விளையாடட்டும். அரக்கர்கள் அவர்களேதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் எதனால் இறந்தோம் என்று படித்துக்கொள்ளலாம். இன்னொன்று, சாப்பிடக் கூப்பிடும்போது ‘இப்ப நிற்பாட்ட ஏலாது அம்மா’ என்று மகன் சொன்னால் நம்ப வேண்டாம். கணினியில் தனியாக விளையாடும்போது எஸ்கேப் விசையை அழுத்தினால் உலகம் அப்படியே நின்றுவிடும். இதை எழுதியதற்காக எத்தனை பிள்ளைகள் என்னைத் திட்டப்போகிறார்களோ தெரியாது.

கேள்வி: எங்கள் பக்கம் மழை தொடங்கினால் மின்சாரம் போய்ப் போய் வரும். இடையில் கணினி நின்றால் ஹார்ட்கோர் உலகம் என்னவாகும்? நகல் எடுத்து வைப்பது கள்ளவிளையாட்டா?
– வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: மின்சாரம் போனால் நீங்கள் இறப்பதில்லை. விளையாட்டு இடையிடையே தானாகச் சேமிப்பதால், திரும்பத் திறக்கும்போது சற்று முந்திய நிலையில் நிற்பீர்கள். ஆபத்து எங்கே என்றால், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் உலகக் கோப்பு பழுதடையக்கூடும். உலகப் பட்டியலில் ‘திருத்து’ என்பதற்குள் காப்புப் பிரதி எடுக்கிற பொத்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் விளையாடி முடித்ததும் அதை அழுத்தி, அந்தக் கோப்பைப் பென் டிரைவ் ஒன்றிலும் போட்டுவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது விளையாடாமல், செருகியைக் கழற்றிவிடுவதே இன்னும் நல்லது. உலகம் மட்டுமல்ல, கணினியும் மிஞ்சும்.

கள்ளவிளையாட்டா என்றால், பழுதான கோப்புக்காக நகலைத் திறப்பது கள்ளமல்ல. கிரீப்பர் வெடித்த பிறகு திறப்பது கள்ளம். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் திறக்கிற ஆளுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: நெதருக்கு எப்போது போகலாம்?
– பெயர் எழுதாத வாசகர், நெடுங்கேணி

பதில்: முழு இரும்புக் கவசமும், கேடயமும், ஒரு நாளைக்குக் காணக்கூடிய உணவும் வந்த பிறகு. நெதர் என்பது வாசல் கட்டி நுழைய வேண்டிய நெருப்பு உலகம். மேலே படித்த பாடங்களில் பாதி அங்கே செல்லாது. தண்ணீரை ஊற்றினால் ஆவியாகிவிடும், ஆகவே லாவாவுக்கு வாளி மருந்தல்ல. கட்டிலில் படுத்தால் கட்டிலே வெடிக்கும். ஹார்ட்கோரில் அப்படிப் போனவர்கள் கொஞ்சப் பேரல்ல. கவசத்தில் ஒரு துண்டாவது தங்கமாக இருந்தால் பிக்லின்கள் என்ற பன்றிமுக வாசிகள் சும்மா விடும். ஆனால் அவற்றின் கண்முன்னே தங்கத்தை வெட்டினாலோ பெட்டியைத் திறந்தாலோ விடமாட்டா. நுழைந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, வாசலைச் சுற்றி உடைகல்லால் ஒரு சின்ன அறை கட்டுவது. காஸ்ட் என்ற பறக்கும் அரக்கனின் நெருப்புருண்டையால் அந்தக் கல்லை உடைக்க முடியாது. இந்தக் கல்லைப் போகும்போதே பையில் இரண்டு கட்டம் நிறையக் கொண்டுபோங்கள். அங்கே போய்த் தேட வேண்டாம்.

கேள்வி: கைத்தொலைபேசியில் ஹார்ட்கோர் இல்லையா?
– மாணவர் ஒருவர், மல்லாவி

பதில்: நீண்டகாலம் இருக்கவில்லை, 2024 இல் வந்தது. உங்களுடைய பதிப்பு பழையதாக இருந்தால் காட்டாது. தொடுதிரையில் விரல் வழுக்குகிற வேகத்துக்கு நான் ஒற்றை உயிரை நம்பமாட்டேன், ஆனால் உங்கள் விரல்கள் என்னுடையவற்றைவிட இளையவை.

கேள்வி: இறவாமைச் சின்னம் என்று ஒன்று இருக்கிறதாமே, அது கிடைத்தால் பயமில்லைத்தானே?
– மாணவி ஒருவர், பரந்தன்

பதில்: அதை டோட்டம் என்பார்கள், எவோக்கர் என்ற மந்திரவாதியைக் கொன்றால் கிடைக்கும். அவர் இருண்ட காட்டு மாளிகைகளிலும், கிராமங்களைத் தாக்க வருகிற கூட்டங்களிலும் இருப்பார். சாகவேண்டிய அடி விழும்போது அது உடைந்து உங்களைக் காப்பாற்றும், ஒரு தடவை மட்டும். உலகத்துக்கு அடியிலுள்ள வெறுமைக்குள் விழுந்தால் அதுவும் உதவாது.

பலர் செய்கிற பிழை, அதைப் பைக்குள் பத்திரமாக வைத்திருப்பது. பைக்குள் இருக்கிற டோட்டம் வெறும் பொம்மை. கையில் பிடித்திருந்தால்தான் வேலை செய்யும். ஆனால் இடக்கையில் கேடயத்தை அல்லவா பிடிக்கச் சொன்னேன்? இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியாது. எதிரி முன்னால் நிற்கிற இடத்தில், அதாவது குகையிலும் இரவுப் பாதையிலும், நான் கேடயத்தையே பிடிக்கிறேன். உயரமான பாலம், லாவாக் கரை, சிறகு கட்டிப் பறக்கிற நேரம் என்று என்னுடைய பிழையே என்னைக் கொல்லக்கூடிய இடங்களில் டோட்டத்தைப் பிடிக்கிறேன்.